பதிலின் நீளம்

உதயகுமாரின் கல்யாணத்தை ஒரு டீ ஆறுவதற்குள் கெடுத்தவன் நான்தான். திட்டியோ கோள் சொல்லியோ கெடுத்திருந்தால் ஒரு திருப்தியாவது மிஞ்சியிருக்கும். நான் அவனைப் புகழ்ந்து கெடுத்தேன்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனை ஒட்டிய யூசுப் பாய் கடை. விடியலில் பனியைக் கொட்டிவிட்டு, முற்பகலிலேயே மண்டையைப் பிளக்கிற மாசி மாதம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் கணக்கெடுப்புச் செயலியை ஏற்றிய என் சொந்தப் போன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் ஹெல்மெட்டை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜனத்தொகை சாரா?"

"ஆமாங்க."

"அப்ப எல்லா ஊடும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பச்ச கேட்டு ஊடு... வேலுசாமின்னு. அவரு புள்ள எப்படி சார்?"

வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பொட்டலச் சாப்பாடு போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆனால் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு வெகு நாளாயிருந்தது.

"உதயாவா? தங்கம்! தெருவுல யாருக்கு என்ன ஒண்ணுன்னாலும் அவன்தான். காலைல பக்கத்து வீட்டு ஞானம்மாளக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். வந்து ரேஷன்ல நிப்பான். மத்தியானம் எதிர் வீட்டுக் குழந்தையை ஸ்கூல்லேருந்து கூட்டி வருவான். நீங்க எந்த நேரம் போய் நின்னாலும் வீட்ல இருப்பான். வேலைக்குப் போற பசங்க எவனாவது இப்படி ஓடியாடிச் செய்வானா, சொல்லுங்க?"

அவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "நல்ல மனசு" என்றார். என் டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கமாக வண்டியைத் திருப்பினார்.

யூசுப் பாய் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, இப்டி பண்ட்டியே."

"நல்லாத்தானே சொன்னேன் பாய்?"

"நல்லாத்தான் சொன்னே. நம்ம ஏரியாவுல தெரியாத ஆளு டீ வாங்கித் தந்தா, மாப்ள விசாரிக்க வந்துகீறான்னு அர்த்தம். நானே மூணு நாளா அந்தப் புள்ளைக்கு ஓசரம் பொய்ய மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அந்தாளு எங்கிட்ட வர்றதுக்குள்ள நீ முந்திக்கினே."

மிச்ச டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

*

நான் பள்ளி ஆசிரியர். இதே தெருக்களை எனக்கு மூன்றாவது முறையாகக் கொடுத்திருக்கிறார்கள். முதல் முறை போனபோது எனக்கு மீசை இருந்தது. இரண்டாவது முறை தொப்பை. நடுவில் ஒன்று கொரோனாவில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது மூட்டு வலி.

எனக்குக் கணக்கெடுப்பு பிடிக்கும் என்று சொன்னால் சக ஆசிரியர்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். திருநின்றவூரில் வாடகைக்கு ஒரு மாடி போர்ஷன். அங்கே குடும்பத் தலைவர் நான், எதிர்க்கட்சியும் நான். என் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த சின்னப் பெண், "உங்களோட வேற யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டபோது, பல்லியைச் சேர்க்கலாமா என்று நான் யோசித்த நேரத்தில் அவள் 'ஒருவர்' என்று போட்டுவிட்டாள். அப்படிப்பட்டவனுக்கு, கதவைத் தட்டினால் சட்டப்படி பேசியே ஆக வேண்டிய ஜனங்களை வரிசையாகக் கொடுத்தால் கசக்குமா?

இந்த மூன்று முறையில் நான் கண்டுபிடித்த ஒரு விஷயம் எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் வராது. ஆம்பளைகளின் வேலை பற்றிய பதில் நீண்டுகொண்டே போகிறது.

முதல் முறை பச்சை கேட் வீட்டில் வேலுசாமியிடம் "என்ன வேலை?" என்றேன். அப்போது அந்த கேட்டுக்குப் பெயின்ட்கூட அடித்திருக்கவில்லை. "டர்னர்" என்றார். அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட் என்று நான் கேட்கவும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் சங்குச் சத்தம் அவருக்காகப் பதில் சொல்லிவிடும். செம்பரம்பாக்கத்தில் கழனிக் கூலியாக இருந்த அவர் அப்பாவும் அந்தக் காலத்துக் கணக்கெடுப்பில் ஒரே வார்த்தைதான் சொல்லியிருப்பார். தெரு முழுக்க அப்படித்தான்: ஃபிட்டர், வெல்டர், டேங்க் ஃபேக்டரி. ஒரே காலையில் ஒரு தெருவை முடித்துவிட்டு மேட்னி ஷோ போயிருக்கிறேன்.

இரண்டாவது முறை உதயகுமாருக்கு இருபது வயது. சாம்பல் நிற யூனிபார்ம் சட்டையில், போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்பதுபோல வந்து நின்றான். பதிலைச் சொன்னவர் வேலுசாமி. "கம்பெனிதான் வாத்யாரே. கான்ட்ராக்ட்ல கீறான். ஆனா கம்பெனி பஸ்லதான் போறான், கேன்டீன்ல நாஷ்டா." அந்த 'ஆனா'வை நான் அப்போது கவனிக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் அன்றைக்கு ஓர் 'ஆனா' சொன்னார்கள்.

இப்போதைய பதில் ஒரு முழு இட்லி ஆறும் நீளம்.

டீக்கடைச் சம்பவத்துக்கு முந்தின நாள் போயிருந்தேன். வாசலில் வெட் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. உதயகுமாரின் அம்மா பார்வதம் முழங்கை வரை மாவோடு எட்டிப் பார்த்தார். மாவு பாக்கெட் போட்டு நாலு தெருவுக்குக் கொடுக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மாவால்தான்.

"அக்கா, உங்களுக்கு என்ன வேலைன்னு போடட்டும்?"

அவருக்கு முன்னால் வேலுசாமி முந்திக்கொண்டார். "அது ஊட்லதான் சொம்மா கீது, வாத்யாரே."

பார்வதம் மாவுக் கையை உதறினார். ஒரு துளி சரியாக வேலுசாமியின் கண்ணாடியில் போய் விழுந்தது. நான் அவருக்கு மாவு வியாபாரம் என்று போட்டேன். பிறகு உதயகுமார்.

"அது வந்து வாத்யாரே, அவன் கம்பெனி ஒரகடத்துக்குப் போய்ட்சி இல்ல, இவனையும் கூப்ட்டாங்கோ. இவன்தான் தொலவாகீதுன்னு... கூப்ட்டாங்கன்னா, கூப்டறோம்னு சொன்னாங்கோ. அதுக்குள்ள லாக்டவுன். அப்பால ஒரு பைக்குல சோறு குட்க்குற வேலை. அதுல உய்ந்து கால் ஒட்ஞ்சி... இப்ப ஃப்ரெண்டு ஒருத்தன் பார்ட்னரா வரச் சொல்லிகீறான்..."

செயலியில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. போன வருஷத்தில் கூலிக்கு வேலை செய்தானா என்றால் இல்லை. அடுத்து ஒரே கேள்வி: வேலை தேடுகிறாரா? ஆமா, இல்லை. இரண்டு பொத்தான்.

"தேடாம இருப்பானா?" என்றார் வேலுசாமி.

"அவன் மனசுல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் பார்வதம்.

உதயகுமார் எதிர் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு அப்போதுதான் உள்ளே வந்தான். முப்பத்தாறு வயது. காதோரம் நரை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எதுனா ஒண்ணு போட்டுக்குங்க சார். உங்களுக்கு எது ஈசியோ."

"எனக்கு ஈசின்னு போட முடியாதுப்பா. உன் வாயால வரணும்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றான், ஏதோ கடன் கேட்ட மாதிரி.

அந்த வீட்டை 'முடிக்கப்படாதது' என்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அதை முடிக்கப் போகிற வழியில்தான் டீ குடித்தேன்.

*

இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் போனபோது கிரைண்டர் ஓடவில்லை. அதிலிருந்தே தெரிந்தது.

"போன் பண்ட்டாங்க வாத்யாரே" என்றார் வேலுசாமி. "பொண்ணோட தாய்மாமன் கஜபதி. இப்போதிக்கி வாணாம், அப்பால பார்க்கலாம்னு."

"எந்தக் கஸ்மாலமோ போட்டுக் குட்த்துகீது" என்றார் பார்வதம், கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டே. "கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல கீறான்னு அவங்களாண்ட சொல்லி வெச்சிருந்தேன். ஒரு மாசத்துக்குள்ள எதுனா ஒரு வேலைல குந்திட மாட்டானா? அந்தக் கஸ்மாலத்துக்கு நாக்குல புண்ணு வரணும்."

நான் நாக்கை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டேன். பார்வதம் எனக்கு இட்லி வைத்தார். சாபம் கொடுத்த கையாலேயே வடகறியும் ஊற்றினார். எப்படி விழுங்கினேன் என்று தெரியாது. இரண்டாவது தடவை வாங்கியும் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெருமுனை வரை உதயகுமார் கூடவே வந்தான்.

"யூசுப் பாய் சொன்னாரு சார்" என்றான்.

நான் நின்றேன். அங்கே ஓர் இஸ்திரி வண்டி. அதன் கரியை உற்றுப் பார்த்துக்கொண்டு, "ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு இட்லி கெடைக்காதே." சிரித்தான். "வுடுங்க சார். நீங்க சொன்னது எதுனா பொய்யா?"

பொய்யில்லை என்பதுதானே என் தொல்லை.

அவன் கடைசியாக வேலை கேட்டுப் போன நாளைப் பற்றி யூசுப் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலுக்கு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான். வரிசையில் மற்றவர்கள் எல்லாம் டிப்ளமோ முடித்த பொடியன்கள். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர், உதயகுமார் ஒரு காலத்தில் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பையன். "அண்ணாத்தே, நீயா?" என்று எழுந்து நின்றிருக்கிறான். நல்ல பையன். எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் உதயகுமார் உட்கார்ந்திருப்பான்.

அன்றைக்கு டீக்கடைக்கு வந்து, டீ கேட்காமல், பாயின் கேஸ் அடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனானாம்.

*

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சென்னீர்குப்பம் போனேன். கஜபதிக்கு பெங்களூர் ரோட்டில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. மாப்பிள்ளைக்கு எடை பார்க்கச் சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார், டீ சொல்லட்டா?"

"வேணாங்க. டீ எனக்கு ஆகறதில்லை."

நான் சொன்னது தமாஷுக்கு, பையன் வேலை தேடுகிறான், நல்லவன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பதிலும் நீளமாகத்தான் இருந்தது. அவருக்கும் மனசு கேட்கவில்லை; ஆனால் அக்கா புருஷன் இல்லாத வீடு; ஆனால் நாளைக்கு ஒண்ணுன்னா அவரைத்தான் கேட்பார்கள்; ஆனால் பெண்ணுக்கும் வயசாகிறது. ஒவ்வொரு 'ஆனா'வுக்கும் வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி இறங்கியது. தூசி வந்து என் சட்டையில் படிந்தது.

"பொண்ணு இங்கதான் கீது, நீங்களே பேசுங்க. நான் குறுக்க வர்ல" என்றார் கடைசியில்.

கவிப்பிரியா மாமனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஒரு குடோனில் வேலை. வருகிற பெட்டியெல்லாம் ஸ்கேன் செய்து பிரிப்பது. விரல் நுனிகளில் அட்டைப்பெட்டி கீறிய கோடுகள். புளிய மரத்து நிழலில் நின்றோம்.

"வேலை இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும் சார்" என்றாள். "போன்ல அவரே சொன்னாரு. அவங்க அம்மா சொல்றத நம்பாதீங்க, நான் சொம்மாதான் கீறேன்னு."

"அப்புறம் என்னம்மா? மாமா எதுக்கு விசாரிக்க வந்தாரு?"

"மாமாவுக்குத் தெரியாதே. தெரிஞ்சப்புறம் அவரு வாணாம்னாரு. நான் வேணும்னு சண்ட போடலாம். போடுவேன். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியணும்." அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "வேலை தேடுறாரான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் ஒரு மாசமா பதிலே இல்ல. கேட்டா ஜோக்கு அடிப்பாரு. அடுத்த ஊட்டு மோட்டார் கதை சொல்வாரு. தேடி கெடைக்கலன்னா நான் கூட நிப்பேன் சார். தேடலன்னா ஏன்னு தெரிஞ்சிகினு, அதுக்கும் நிப்பேனோ என்னவோ. ரெண்டும் சொல்லாத ஆளோட எப்டி சார் ஒரே ஊட்ல இருக்கறது?"

என் போனில் இரண்டு பொத்தானோடு நின்றுபோயிருந்த கேள்வி, குடோனில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வாயில் அட்சரம் பிசகாமல் வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றாள். "அப்பால வேற ஒரு எடத்துலருந்து வராங்க. கேட்டுச் சொல்றீங்களா?"

திரும்பி வரும்போது ஆவடியில் ரயிலுக்கு மாறினேன். திருநின்றவூரில் இறங்கி, மெஸ்ஸில் இரண்டு சப்பாத்தி வாங்கி, மாடி ஏறி, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டேன். பல்லி இருந்த இடத்திலேயே இருந்தது. என்னிடமும் ஒரு காலத்தில் ஒருத்தி கேள்வி கேட்டாள். நானும் ஜோக்குத்தான் சொன்னேன். நல்ல ஜோக். அவளே சிரித்தாள். இந்த வேகத்தில் போனால் அடுத்த கணக்கெடுப்பில் பச்சை கேட் வீட்டிலும் ஒரு நபர் குடும்பம் இருக்கும். தலைவர் யாரென்று எனக்கு இப்போதே தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து போனேன். உதயகுமார் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில், ஞானம்மாளின் தரைத் தொட்டிக்குள் இறங்கத் தயாராக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். தண்ணீரை இறைத்து மூடியைக் காலையிலிருந்தே திறந்து போட்டிருந்தான். அடியில் சேறு.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். மேல ஒரு ஆளு வோணும். நான் உள்ள எறங்கி வழிச்சிப் பக்கெட்ல போடுவேன், நீங்க இழுத்து ஊத்தணும். அத்தோட எங்கிட்ட பேசிகினே இருக்கணும்."

"பேசணுமா?"

"தொட்டிக்குள்ள காத்து சரியில்லன்னா ஆளு மயங்கிடுவான். பேசிகினே இருந்தாத்தான் உசுரோட கீறானான்னு தெரியும். நான் பதில் சொல்லலன்னா உடனே ஆளைக் கூப்புடுங்க. நீங்க எறங்கிடாதீங்க, ரெண்டு பேரத் தூக்கணும்."

ஏணி வைத்து இறங்கினான். சதுரமான இருட்டு அவனை இடுப்பு, தோள், தலை என்று விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் தகரத்தால் தரையை வழிக்கும் சத்தம் மட்டும். பிளீச்சிங் பவுடர் வாசனை. நான் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதத்தின் கிரைண்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பக்கெட் வந்தது. பாதியை என் பேன்ட்டில் ஊற்றிக்கொண்டேன்.

"இன்னா சார் சத்தத்தையே காணோம்? பேசுங்க."

"என்ன பேசறது?"

"உங்களுக்கா சொல்லித் தரணும்? ஊர் பூரா கேள்வி கேட்டுகினு கீறீங்க."

"சரி, கேக்கறேன். வேலை தேடுறியா உதயா?"

வழிக்கும் சத்தம் நின்றது.

நான் காத்திருந்தேன். கிரைண்டர் சுற்றியது. கீழே எதுவும் அசையவில்லை.

"உதயா?"

இல்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெளிச்சத்திலிருந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியவில்லை.

"டேய் உதயா! பதில் சொல்லுடா! யாராவது வாங்களேன், பார்வதம் அக்கா!"

"கத்தாதீங்க சார். கீறேன்."

கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"அறிவு கெட்டவனே. பதில் சொல்லலன்னா செத்துட்டேன்னு அர்த்தம்னு நீதானே சொன்னே?"

உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு சுவரில் பட்டு வந்தது. அப்புறம் கேட்டான்.

"ஆமான்னு போட்டா இன்னா ஆவும்?"

"வேலையில்லாதவங்க கணக்குல வருவே."

"இல்லன்னு போட்டா?"

"வேலையில்லாதவங்க கணக்குல வர மாட்டே. தேடினாத்தான் அந்தக் கணக்கு. தேடறத விட்டுட்டா நீ எந்தக் கணக்கிலயும் இல்லை."

"அப்ப தேடாதவன் பெருகினா, நாட்டுல வேலையில்லாதவன் கொறஞ்சிட்டான்னு வருமா?"

"வரும்."

"சோக்காகீதே." தகரம் ஒரு முறை தரையைக் கீறியது. "யாருக்கு ஓசரம் கேக்குறீங்க? போனுக்கா, கவிப்பிரியாவுக்கா? நீங்க வந்து பார்த்தத அவங்க சொன்னாங்கோ."

"ரெண்டு பேருக்கும்தான். அந்தப் பொண்ணு நாளைக்கு வரைக்கும் பார்ப்பேன்னு சொல்லிச்சு." ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "எனக்கும் தெரியணும் உதயா. நான் வருஷக்கணக்கா தனியா கீறேன். ஜோக்கு சொல்லிச் சொல்லி அப்படி ஆனவன்."

'கீறேன்' என்று என் வாயில் எப்படி வந்ததோ. சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. நான் போட்ட கூப்பாட்டில் பார்வதம் வந்து மதில் ஓரம் நின்றிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் அசையவில்லை.

கீழே பக்கெட்டில் சேறு விழும் சத்தம். ஒரு வழிப்பு, இன்னொரு வழிப்பு. கயிறு கனத்தது.

"தேடல சார்" என்றான். "பயமாகீது. அத்தொட்டுத் தேடல. கவிப்பிரியாவாண்ட இத நானே சொல்லிக்கிறேன். இப்ப பக்கெட்ட இழுங்க."